பாலினம், இனம், வர்க்கம்: அமெரிக்கப் பெண்கள் வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பெண்ணுரிமை என்றதும் 1848-இல் ஒரு மாநாடு, 1920-இல் வாக்குரிமை, நடுவில் சில ஊர்வலங்கள் என்றுதான் பலருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. அந்தக் கதைக்குள் அடங்காத பெண்கள்தான் அதிகம். இங்கே அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எந்தப் பெண்ணுக்கு எது உண்டு, எது கிடையாது என்பதை அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள், அதனால் ஊகிக்கத் தேவையில்லாமல் ஆண்டோடு எடுத்துக் காட்டலாம்.

பெண் என்றால் பெண்தானே? இனமும் வர்க்கமும் இதற்குள் எப்படி வந்தன?

ஆரம்பத்திலிருந்தே உள்ளேதான் இருந்தன. ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் 1643-இல் வரிச் சட்டம் ஒன்று வந்தது. வயலில் உழைக்கக்கூடிய ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி. ஆண்கள் அதில் வந்தார்கள், பெண்களில் ஆப்பிரிக்கப் பெண்கள் மட்டும் வந்தார்கள். ஆங்கிலேயப் பெண்ணின் இடம் வீடு, அவளுக்கு வரி இல்லை. ஆப்பிரிக்கப் பெண்ணின் இடம் வயல், அவள் கணக்கில் ஆணோடு சேர்த்தி. பெண் மென்மையானவள், பாதுகாக்கப்பட வேண்டியவள் என்றெல்லாம் பேசிய அதே ஆட்கள் போட்ட சட்டம் இது.

அடுத்தது எலிசபெத் கீ வழக்கு. அவளுடைய அப்பா ஆங்கிலேயர், அம்மா அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளையின் நிலை அப்பாவைப் பொறுத்தது, ஆகவே நான் அடிமை இல்லை என்று அவள் வழக்குப் போட்டு 1656-இல் ஜெயித்தும் விட்டாள். தோட்ட முதலாளிகளுக்கு இதில் பெரிய ஆபத்து தெரிந்தது. 1662-இல் வர்ஜீனியா சட்டமன்றம் பிள்ளையின் நிலை தாயைப் பொறுத்தது என்று மாற்றி எழுதியது. பல நூறு ஆண்டுப் பழக்கத்தை ஒரே சட்டத்தில் தலைகீழாக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு முதலாளி தன் அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்து பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு அவன் அப்பனாக இருக்க வேண்டியதில்லை, உரிமையாளனாக இருந்தால் போதும். பாலினம், இனம், வர்க்கம் மூன்றையும் ஒரே சட்டத்தில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயல், ஒரே சவுக்கு. அப்படியிருக்கப் பெண் என்று தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

வேலையில் சலுகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது அமெரிக்காவில் சட்டப்படி தடையானது. தெற்கே பருத்தி பரவிக்கொண்டே போகிறது, ஆள் வேண்டும், கப்பல் வராது. அப்படியானால் இனி ஆள் எங்கிருந்து வரும்? இங்கேயே இருக்கும் பெண்களின் வயிற்றிலிருந்துதான். பிள்ளை பெறும் பெண் என்பது ஏலத்தில் தனி விலைக்கான காரணமாயிற்று.

மிசோரியில் சீலியா என்றொரு பெண். 1850-இல் ராபர்ட் நியூசம் என்ற விவசாயி அவளை வாங்கும்போது அவளுக்குச் சுமார் 14 வயது. மனைவியை இழந்த அந்த ஆள் அவளைத் தொடர்ந்து பலாத்காரம் செய்தான், இரண்டு பிள்ளைகள் பிறந்தன. 1855 ஜூன் மாதத்தில் ஓர் இரவு, வராதே என்று எச்சரித்தும் அவள் குடிசைக்கு வந்தவனை அவள் தடியால் அடித்துக் கொன்றாள். வழக்கில் அவளுக்காக வாதாடியவர்கள் பிடித்துக்கொண்டது மிசோரியின் 1845-ஆம் ஆண்டுச் சட்டத்தை. விருப்பமில்லாத எந்தப் பெண்ணையும் பலவந்தப்படுத்துவது குற்றம் என்று அதில் இருந்தது. எந்தப் பெண்ணையும் என்றால் சீலியாவும்தானே, அப்படியானால் இது தற்காப்புதானே என்பது வாதம். அந்தக் கோணத்தில் யோசிக்க ஜூரிகளுக்கு நீதிபதி இடமே கொடுக்கவில்லை. டிசம்பர் 21 அன்று அவளைத் தூக்கில் போட்டார்கள். நியூசமின் மேல் என்ன குற்றம் என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை, அவன் தன் சொத்தைப் பயன்படுத்தினான் என்பதுதான் அன்றைய சட்டத்தின் பார்வை.

வெள்ளைக்கார மனைவிகளும் கணவனுக்கு அடிமை மாதிரிதானே இருந்தார்கள்?

அந்தக் காலப் பெண்ணுரிமைப் பேச்சாளர்களே மேடைக்கு மேடை இப்படித்தான் பேசினார்கள். கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பே கிடையாது. அவள் சம்பாதித்தால் அது கணவன் பணம், அவள் கொண்டுவந்த சொத்து அவன் கையில், பிள்ளைகள் மேலும் அவனுக்கே உரிமை. கொடுமைதான், யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளை ஏலத்தில் நிறுத்த முடியாது, அவள் பிள்ளையை விற்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மனைவியின் சொத்துரிமையை ஒத்துக்கொண்ட ஆரம்பகாலச் சட்டங்களில் முக்கியமானது 1839-இல் வந்தது. நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ இல்லை, மிசிசிப்பியில்! அடிமைமுறை கொடிகட்டிப் பறந்த மாநிலத்துக்கு எப்படி இந்த ஞானோதயம் என்று பார்த்தால், அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பேசுவது அடிமைகளைப் பற்றி. மனைவியின் பெயரில் இருக்கும் அடிமைகளைக் கணவனின் கடன்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது, அதுதான் கவலை. ஒரு பெண்ணுக்குச் சொத்துரிமை கிடைத்தது, அந்தச் சொத்து இன்னொரு பெண். இந்த வரலாற்றில் இப்படிப்பட்ட கணக்கு அடிக்கடி வரும், ஒருத்திக்குக் கிடைத்ததன் விலையை இன்னொருத்தி கொடுத்திருப்பாள்.

ஏழை வெள்ளையினப் பெண்களை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்துப் பருத்தி ஆலைகளில் 1830களில் பெரும்பாலும் கிராமத்து இளம்பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். எழுவது, சாப்பிடுவது, தறிக்குப் போவது எல்லாம் மணி அடித்துத்தான், நாளுக்கு 12, 13 மணி நேரம் வேலை. கூலியைக் குறைத்தபோது 1834-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், தங்கும் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது 1836-இல் மறுபடியும். 1840களில் சாரா பேக்லி தலைமையில் சங்கம் கட்டி, 10 மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். தறியில் ஓடிய பருத்தி தெற்கே அடிமைகள் பறித்தது, அங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி திரும்பத் தெற்கே போய் அடிமைகளுக்கே உடுப்பானது. இரண்டு பெண்களும் ஒரே நூலின் இரு முனையில் இருந்தார்கள், ஆனால் ஒருத்தி வேலைநிறுத்தம் செய்யலாம், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பலாம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளின் வீட்டு இளம்பெண்கள். தப்பிப் போக வேண்டிய ஒரு கதவு பூட்டியிருந்தது. வெள்ளைத் தோல் இருந்தாலும் ஏழை என்றால் அவள் உயிருக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

சோஜர்னர் ட்ரூத்தின் புகழ்பெற்ற அந்தப் பேச்சு உண்மையா?

அடிமையாகப் பிறந்து விடுதலையான ட்ரூத் 1851-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பேசியது உண்மை. நானும் பெண் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் வடிவம் 12 ஆண்டு கழித்து, 1863-இல், அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வெள்ளையினப் பெண்மணி ஃபிரான்சஸ் கேஜ் எழுதியது. பேசிய அதே ஆண்டில் செய்தித்தாளில் வந்த பதிவில் அந்த வரி இல்லை. ட்ரூத் பிறந்தது நியூயார்க்கில், முதலில் பேசிய மொழி டச்சு, ஆனால் கேஜின் எழுத்தில் அவர் தெற்கத்தி அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார், ஐந்து பிள்ளைகள் பெற்றவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள் ஆகிவிடுகின்றன. ஆதரவாக நிற்பவர்கள்கூட கருப்பினப் பெண்ணைத் தாங்கள் எதிர்பார்த்த மாதிரிதான் பேச வைத்தார்கள். அவருடைய நிஜமான சாகசத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அலபாமாவுக்குச் சட்டவிரோதமாக விற்கப்பட்ட தன் மகனை நீதிமன்றம் ஏறி 1828-இல் மீட்டுக்கொண்டு வந்தார்.

பெண் வாக்குரிமை இயக்கம் ஏன் உடைந்தது?

உள்நாட்டுப் போர் முடிந்து, கருப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியலமைப்பின் 15-ஆவது திருத்தம் வந்தபோது. இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது அது, பாலினத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெண் வாக்குரிமை இயக்கத் தலைவர்களான எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் பி. அந்தோணியும் எதிர்த்தார்கள். எதிர்த்ததோடு விட்டிருந்தால் நியாயம் இருந்தது, ஆனால் படித்த வெள்ளையினப் பெண்களை விட்டுவிட்டுப் படிக்காத கருப்பர்களுக்கும் குடியேறிகளுக்குமா வாக்கு என்ற இடத்துக்கு ஸ்டான்டன் போனார்.

1869 மே மாதம் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கருப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் எழுந்தார். பெண் என்ற காரணத்துக்காகவே பெண்களை வேட்டையாடி, வீட்டிலிருந்து இழுத்து வந்து விளக்குக் கம்பத்தில் தொங்கவிடும் நிலை வந்தால் அவர்களுக்கும் எங்களைப் போலவே அவசரம் வரும் என்றார். கூட்டத்திலிருந்து ஒருவர், கருப்பினப் பெண்ணுக்கும் இதெல்லாம் நடக்கிறதே என்று கேட்டார். ஆமாம், ஆனால் பெண் என்பதற்காக இல்லை, கருப்பி என்பதற்காக என்று டக்ளஸ் பதில் சொன்னார். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. சீலியாவை நினைத்துப் பாருங்கள், எந்தக் காரணம் எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று எப்படிப் பிரிப்பது?

இதற்கு மூன்று ஆண்டு முன்பே ஃபிரான்சஸ் எல்லன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் சரியாகப் பேசிவிட்டார். கவிஞர், சுதந்திரமாகப் பிறந்த கருப்பினப் பெண். ஒஹாயோவில் பண்ணை வைத்து, வெண்ணெய் கடைந்து விற்றுக்கொண்டிருந்தபோது கணவர் கடனோடு இறந்துபோனார். மூன்று மாதத்துக்குள் வந்து பால் சட்டி, துணி துவைக்கும் தொட்டி வரைக்கும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் வைத்தது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத்தான். அவருக்குப் பதில் நான் செத்திருந்தால் அவரிடமிருந்து தொழிலைப் பிடுங்கியிருப்பார்களா என்று 1866 மாநாட்டு மேடையில் கேட்டார். அதே பேச்சில், நீங்கள் உரிமை பற்றிப் பேசுகிறீர்கள், நான் அநீதி பற்றிப் பேசுகிறேன் என்று வெள்ளையினப் பெண்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஃபிலடெல்ஃபியா டிராம் வண்டியில் தன்னை உள்ளே உட்கார விடாமல் ஓட்டுநர் நிற்கும் மேடைக்கு அனுப்புவதையும் எடுத்துச் சொன்னார். ஒரே பேச்சில் விதவையாகவும் கருப்பியாகவும் உழைப்பாளியாகவும் நின்று பேசியவர் அவர். 1869-இல் பிளவு வந்தபோது மனசில்லாமல்தான் 15-ஆவது திருத்தத்தை ஆதரித்தார்.

திருத்தத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் தனித்தனியாக வைத்துக்கொண்ட இரண்டு அமைப்புகளும் 1890-இல் சேர்ந்தன. சேர்ந்ததற்குப் பிறகு தெற்கத்தி வெள்ளையினப் பெண்களை இழக்கக் கூடாது என்ற கணக்கு ஓடியது. 1895-இல் அட்லான்டாவில் மாநாடு வைத்தபோது, நீங்கள் வர வேண்டாம் என்று அந்தோணி தன் பழைய நண்பர் டக்ளஸிடமே சொன்னார். 1913-இல் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் கருப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைக் கடைசியில் போய் நடக்கச் சொன்னார்கள். அவர் ஒதுங்கிக் கூட்டத்தில் நின்றுகொண்டு, இல்லினாய் அணி வந்ததும் நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

1920-இல் எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்துவிட்டதா?

இல்லை. பூர்வகுடிப் பெண்கள் பலருக்கு அப்போது குடியுரிமையே இல்லை, அது 1924-இல் வந்தது. அப்புறமும் அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1948 வரை இழுத்தடித்தன. சீனாவிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெற 1943 வரை வழியில்லை. தெற்கில் கருப்பினப் பெண்களுக்குத் தேர்தல் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் குறுக்கே நின்றன. 1962-இல் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிய முயன்றதற்காக ஃபேனி லூ ஹேமரை, அவர் 18 ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து அன்றே வெளியேற்றினார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே நிலைமை மாறியது.

விடுதலைக்குப் பிறகு கருப்பினப் பெண்கள் என்ன வேலை பார்த்தார்கள்?

வயல் வேலை, வீட்டு வேலை, துணி துவைப்பது. இதில் துணி துவைப்பதைப் பலர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அதைச் சொந்த வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், முதலாளி வீட்டு ஆண்களின் கண் பட வேண்டியதில்லை. சுகமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். திங்கட்கிழமை அழுக்கு மூட்டை வரும், சனிக்கிழமை தேய்த்து மடித்துத் திரும்பப் போகும். சோப்பைத் தாங்களே காய்ச்சினார்கள், கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சி எடுத்தார்கள், பீர் பீப்பாயை இரண்டாக வெட்டித் தொட்டியாக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், கனத்த இரும்புப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்தார்கள்.

1881 ஜூலையில் அட்லான்டாவில் 20 துவைக்கும் பெண்கள் ஒரு தேவாலயத்தில் கூடிச் சங்கம் வைத்தார்கள். 12 பவுண்டு துணிக்கு 1 டாலர், எல்லாருக்கும் ஒரே கூலி என்று கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, சில வாரங்களில் சுமார் 3,000 பேர் ஆனார்கள். சிலரைக் கைது செய்தார்கள், அபராதம் போட்டார்கள். பிறகு நகர சபையில் ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் என்று மிரட்டல் வந்தது, அது அவர்களுக்குப் பல மாதச் சம்பாத்தியம். பெண்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள்: 25 என்ன, 50 டாலரும் கட்டத் தயார், ஆனால் உரிமம் வாங்கிய பிறகு நகரத்துத் துணி முழுக்க எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், எங்கள் விலைக்குத்தான் துவைப்போம். கட்டணத் திட்டத்தை நகர சபை கைவிட்டது. படிப்பறிவில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேரம் பேசும் கெட்டிக்காரத்தனம் இது.

1930களில் ரூசவெல்ட் அரசு கொண்டுவந்த புதிய ஒப்பந்தக் (New Deal) காலத்துத் தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கு உதவவில்லையா?

1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும், குறைந்தபட்சக் கூலி கொண்டுவந்த 1938 சட்டத்திலும் வீட்டு வேலையையும் விவசாய வேலையையும் வெளியே வைத்தார்கள். கருப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் செய்தது இந்த இரண்டையும்தான். சட்டத்தில் இனம் என்று ஒரு சொல் கிடையாது, இருக்கத் தேவையும் இல்லை. அதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் கருப்பினப் பெண்கள் பையோடு நிற்பார்கள், நடுத்தர வர்க்க வெள்ளையின இல்லத்தரசிகள் வந்து பேரம் பேசி மணிக்கூலிக்குக் கூட்டிப்போவார்கள். எலா பேக்கர், மார்வெல் குக் என்ற இருவர் 1935-இல் இதை நேரில் பார்த்து எழுதினார்கள்.

உடல் மீதான உரிமை என்ற கோரிக்கையாவது எல்லாருக்கும் பொதுவானதுதானே?

கோரிக்கை பொதுதான், அதன் அர்த்தம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. 1960களின் கடைசி வரை ஒரு நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண் தானே விரும்பிக் கருத்தடை அறுவை கேட்டால், பல மருத்துவமனைகளில் அவள் வயதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பார்கள். 120 வந்தால்தான் சரி, அதாவது 30 வயதென்றால் 4 பிள்ளைகள் இருக்க வேண்டும். மற்ற பக்கம், அலபாமாவின் மான்ட்கமரியில் 1973-இல் ரெல்ஃப் குடும்பத்துச் சகோதரிகள் இருவருக்கு, 14 வயது, 12 வயது, அரசு நிதியில் இயங்கிய மருத்துவமனை ஒன்றில் கருத்தடை அறுவையே செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, வழக்கமான ஊசிக்குத்தான் என்று நினைத்துக் காகிதத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒருத்திக்குக் கேட்டாலும் தரவில்லை, இன்னொருத்திக்குக் கேட்காமலே செய்தார்கள்.

இங்கே வர்க்கத்தை மறந்துவிடக் கூடாது. 1927-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு அனுமதி தந்த வழக்கின் நாயகி கேரி பக் வெள்ளையினப் பெண், ஏழை, வளர்ப்பு வீட்டில் இருந்தபோது பலாத்காரத்தால் கர்ப்பமானவள். மூளை வளர்ச்சி குறைந்தவள் என்று முத்திரை குத்தினார்கள். அவள் தங்கை டோரிஸுக்கும் அறுவை செய்துவிட்டுக் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்கள், தனக்கு ஏன் பிள்ளை இல்லை என்பது டோரிஸுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்று ஒடுக்குமுறையையும் கூட்டிப் பார்த்தால் போதாதா? புதுக் கோட்பாடு எதற்கு?

கூட்டினால் விடை பூஜ்யம் வரும் ஒரு வழக்கு இருக்கிறது. 1976, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேல் ஐந்து கருப்பினப் பெண்கள் தொடுத்தது. செயின்ட் லூயிஸ் ஆலையில் 1970-க்குப் பிறகு சேர்ந்த கருப்பினப் பெண்கள் எல்லாரும் ஆட்குறைப்பில் போய்விட்டார்கள், காரணம் சீனியாரிட்டி, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். ஆனால் 1964-க்கு முன்பு கருப்பினப் பெண்களை அந்த நிறுவனம் வேலைக்கே எடுத்ததில்லை, பிறகு சீனியாரிட்டி எங்கிருந்து வரும்? நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் வேறு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்து புது உரிமை கேட்க முடியாது. எடுத்த பெண்கள் வெள்ளையினத்தவர். ஆலையில் இருந்த கருப்பர்களோ ஆண்கள். 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர், ஊடுவெட்டு (intersectionality) என்று இன்று நாம் சொல்லும் கருத்தை, அதாவது ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தனியாக ஓர் ஒடுக்குமுறை உண்டாகும் என்பதை, இந்த வழக்கை வைத்துத்தான் விளக்கினார்.

கருத்து அதற்கு முன்பே உண்டு. 1949-இல் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாடியா ஜோன்ஸ் எழுதியிருக்கிறார், 1977-இல் பாஸ்டனின் கருப்பினப் பெண்ணியக் குழுவான கொம்பாஹி ஆற்றுக் குழு அறிக்கையே விட்டிருக்கிறது. வெறும் கல்லூரிச் சரக்கு என்று சொல்பவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை.

இப்படிப் பிரித்துப் பிரித்துப் பேசினால் பெண்கள் ஒற்றுமை கெடாதா?

பிரித்தது 1643-இன் வரிச் சட்டம், பேசுபவர்கள் இல்லை. பேசியபோதுதான் சில காரியங்களாவது நடந்திருக்கின்றன. 1968-இல் அட்லான்டாவில் டாரத்தி போல்டன் என்ற வீட்டு வேலைக்காரப் பெண் சங்கம் தொடங்கினார், உறுப்பினராக வேண்டுமென்றால் வாக்காளராகப் பதிய வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் கருப்பினப் பெண் ஷெர்லி சிசம், தாயே வீட்டு வேலை பார்த்தவர் என்பதால் விஷயம் தெரிந்தவர், குறைந்தபட்சக் கூலியை வீட்டு வேலைக்கும் நீட்டிக்கப் போராடினார். தொழிற்சங்கங்களும் வெள்ளையினப் பெண்கள் அமைப்புகளும் கூட நின்றன. 1974-இல் சட்டம் திருத்தப்பட்டது, 1938-இல் விட்டுப்போனவர்களுக்கு 36 ஆண்டு கழித்து. அதிலும் முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களைத் துணைக்கு இருப்பவர்கள் என்று பெயர் சூட்டி வெளியே வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த விலக்கு நீங்கியது 2015-இல்தான்.